தையல் மாதிரித்துணியின் வரலாறு

தையல் மாதிரித்துணி என்பது பூத்தையல் வகைகளையும் வடிவங்களையும் பின்னாளில் பார்த்துச் செய்வதற்காக ஒருவர் தைத்து வைத்துக்கொள்ளும் துணித்துண்டு ஆகும். இன்று தையல் பயில்வோர் இதனைச் சாம்பிளர் என்ற பெயரில் அறிவர். சங்கிலித் தையல், காம்புத் தையல், குறுக்குத் தையல், முடிச்சுத் தையல் என ஒவ்வொன்றும் ஒரு வரியாகவோ கட்டமாகவோ இத்துணியில் இடம்பெறும். ஆடை, திரை, மேசை விரிப்பு போன்றவற்றுக்குள்ள நேரடிப் பயன்பாடு இதற்கு இல்லை. தைத்தவரின் நினைவுக்கு உதவுவதே இதன் முதற்பயன்.

ஐரோப்பாவில் குறைந்தது 500 ஆண்டுகளாக இத்துணி வழக்கில் இருந்து வந்துள்ளது. அக்காலத்தில் அதன் நோக்கம் இருமுறை மாறியது. தொடக்கத்தில் அது தேர்ந்த தையற்காரரின் குறிப்பேடாக இருந்தது. பின்னர் சிறுமிகளுக்கான பள்ளிப் பயிற்சியாகவும் ஒழுக்கப் பாடமாகவும் ஆனது. 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் குறிப்பேடாகத் திரும்பியது. இம்மாற்றங்களை நோக்கினால் பெண்கல்வி, எழுத்தறிவு, வீட்டுவேலை, ஏழ்மை ஆகியவற்றின் வரலாறும் உடன் தெரியவரும். வேறு எந்த ஆவணத்திலும் பெயர் பதியாத பல பெண்களின் பெயர்கள் இத்துணிகளில் மட்டுமே எஞ்சியுள்ளன.

பெயர்

சாம்பிளர் என்னும் ஆங்கிலச் சொல், எடுத்துக்காட்டு எனப் பொருள்படும் எக்ஸெம்ப்ளம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. பிற மொழிகளில் வழங்கும் பெயர்கள் அந்தந்த நாட்டில் இத்துணி எதற்குப் பயன்பட்டது என்பதைக் காட்டுகின்றன. ஸ்பானிய மொழியில் இதன் பெயர் தெசாதோ. முன்மாதிரி என்பது அதன் பொருள். ஜெர்மன் மொழியில் மோதெல்டூக், அதாவது மாதிரித் துணி என்பர். டச்சு மொழியில் மெர்க்லாப் என்றால் குறியிடும் துணி. டேனிஷ் மொழியில் நவ்னெக்லூத் என்றால் பெயர்த்துணி. முதலிரண்டும் தையலின் வடிவத்தை முதன்மைப்படுத்துகின்றன. பின்னிரண்டும் எழுத்தையும் பெயரையும் முதன்மைப்படுத்துகின்றன. மாதிரித்துணியின் வரலாறு இந்த இரண்டு நோக்கங்களுக்கும் இடையிலேயே நகர்கிறது.

தொன்மையான சான்றுகள்

இன்று கிடைக்கும் மாதிரித்துணிகளில் மிகப் பழையவை தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் செழித்திருந்த நாஸ்கா பண்பாட்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. வறண்ட பாலைநிலத்தின் புதைகுழிகளில் கிடந்ததால் அவை மட்காமல் தப்பின.

எகிப்தில் மம்லூக் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த துணிகளும் இவ்வாறே கல்லறை மணலிலிருந்து கிடைத்தவை. லினன் துணியில் பட்டு நூலால் தைக்கப்பட்ட இச்சிறு துண்டுகள் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்திலும் உள்ளன. இவற்றில் முழுமையான ஓவியமோ ஒழுங்கான அமைப்போ இல்லை. ஒரு கரை வடிவம் சிறிது தூரம் சென்று நின்றுவிடும். அருகில் வேறொரு வடிவம் தொடங்கும். இந்த முற்றுப்பெறாமையே அவை மாதிரித்துணிகள் என்பதற்குச் சான்று. வடிவம் திரும்பத் தொடங்கும் இடம் வரை தைத்தால் போதும். மீதியை அதிலிருந்து வருவித்துக்கொள்ளலாம் என்பது தைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

இத்துணிகளில் காணப்படும் முக்கியத் தையல்களுள் ஒன்று இரட்டை ஓட்டுத் தையல். முதலில் ஓர் இடைவெளி விட்டு ஓர் இடைவெளி தைத்துச் செல்வர். பின்னர் அதே வழியில் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளை நிரப்புவர். துணியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி அமையும். இத்தையல் பின்னாளில் ஐரோப்பாவில் ஹோல்பைன் தையல் எனப் பெயர் பெற்றது. எட்டாம் ஹென்றி மன்னரின் அவையைச் சேர்ந்தவர்களை வரைந்த ஹான்ஸ் ஹோல்பைனின் ஓவியங்களில் சட்டைக் கழுத்துப் பட்டைகளிலும் கைமுனைகளிலும் இது தெளிவாகத் தெரிவதே அப்பெயருக்குக் காரணம். கர்நாடகத்தின் தார்வாட் பகுதியில் வழங்கும் கசூதிப் பூத்தையலின் நான்கு தையல்களுள் ஒன்றான கவந்தியும் இதே முறையில் அமைந்தது.

அரசியின் கணக்கும் ஓர் உயிலும்

ஐரோப்பாவில் மாதிரித்துணி பற்றிய முதல் செய்திகள் துணியாக அல்லாமல் எழுத்தாகவே கிடைக்கின்றன. இங்கிலாந்தின் அரசி யார்க் எலிசபெத்தின் வீட்டுச் செலவுக் கணக்கில், 1502ஆம் ஆண்டு ஜூலை மாதம் அரசியின் மாதிரித்துணிக்கென ஓர் எல் அளவு லினன் வாங்கியதற்கு 8 பென்ஸ் செலவு எழுதப்பட்டுள்ளது. எல் என்பது அக்காலத் துணி அளவு. 1509ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசி ஹுவானாவின் உடைமைகளைப் பட்டியலிட்டபோது 50 மாதிரித்துணிகள் இருந்தன.

1546ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரைச் சேர்ந்த மார்கரெட் தாம்சன் என்பவர் எழுதிய உயில் இன்னொரு சான்று. அவர் தம் மாதிரித்துணியைத் தம் சகோதரியின் மகளுக்கு விட்டுச் சென்றார். நிலமோ நகையோ போல உயிலில் பெயர் சொல்லி விட்டுச்செல்லும் அளவுக்கு அத்துணி மதிப்புடையதாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இந்த மதிப்புக்குக் காரணம் எளிது. அச்சிட்ட தையல் வடிவநூல் அப்போது அரிது. முதல் வடிவநூலாகக் கருதப்படுவது 1523ஆம் ஆண்டு அளவில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யோஹான் ஷோன்ஸ்பெர்கர் அச்சிட்டது. அதன்பின் கொலோன், வெனிஸ், பாரிஸ் நகரங்களில் பல நூல்கள் வெளிவந்தன. ஆயினும் விலை கொடுத்து வாங்க இயலாதவர்களே மிகுதி. மேலும் நூலில் இருப்பது கட்டம் கட்டமாக வரைந்த வடிவம் மட்டுமே. ஊசி எங்கே நுழைய வேண்டும், நூல் எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்பதை அது சொல்லாது. தைத்த துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் அது தெரிந்துவிடும். ஆகவே தோழி வீட்டில் ஒரு புதிய கரையைக் கண்டால், மறப்பதற்குள் தன் துணியின் ஓர் ஓரத்தில் அதைத் தைத்துக்கொள்வதே நம்பகமான வழியாக இருந்தது.

ஜேன் பாஸ்டாக்கின் துணி

பிரிட்டனில் கிடைத்த மாதிரித்துணிகளில் ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழையது 1598ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைத் தைத்தவர் ஜேன் பாஸ்டாக். இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் உயரமும் 36 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட லினன் துணியில் பட்டு நூல், உலோக நூல், சிறு முத்துகள், மணிகள் ஆகியவற்றால் தைக்கப்பட்டுள்ளது.

துணியின் மேற்பகுதியில் விலங்குகளும் செடிகளும் ஆங்கில எழுத்து வரிசையும் உள்ளன. அக்கால வழக்கப்படி ஜே, யு ஆகியவை அவ்வரிசையில் தனி எழுத்துகளாக இல்லை. கீழ்ப்பகுதியில் பலவகை வடிவங்கள் நெருக்கமாக நிரப்பப்பட்டுள்ளன. ஆலிஸ் லீ என்னும் குழந்தை 1596ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் பிற்பகலில் பிறந்தாள் என்ற செய்தியும் எழுத்தில் தைக்கப்பட்டுள்ளது. அக்குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது இத்துணி முடிந்தது.

இத்துணியில் பழைய நோக்கமும் புதிய நோக்கமும் ஒருங்கே உள்ளன. கீழ்ப்பகுதி குறிப்பேடு. மேற்பகுதி எழுத்து, பெயர், நாள் ஆகியவற்றைக் கொண்ட நினைவுப் பொருள். ஒரு குழந்தைக்குக் கற்பிப்பதற்காக ஒருவர் தம் தையலறிவைத் தொகுத்துத் தந்ததாகவும் இதனைக் கொள்ளலாம்.

நீள்துணிகளும் மார்த்தா எட்லினும்

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருவகை மாதிரித்துணிகள் வழங்கின. ஒன்றில் பூ, பறவை, பூச்சி, பழம் முதலிய வடிவங்கள் ஒழுங்கின்றி ஆங்காங்கே சிதறியிருக்கும். கண்டதைக் கண்டவுடன் பதிந்த குறிப்பேடு இதுவே. மற்றொன்று நீண்டு குறுகிய துணி. தறியில் நெய்த லினனின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை உள்ள அகலத்தையே நீளமாகக் கொண்டு வெட்டுவதால் அது ஒடுக்கமாக அமைந்தது. அதில் வடிவங்கள் கிடைக்கோடுகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொள்வர். தேவைப்படும்போது வேண்டிய இடம் வரை விரித்துப் பார்ப்பர். நம் ஊரில் ஓலைச்சுவடியைக் கட்டி வைத்து, வேண்டும்போது அவிழ்த்துப் பார்த்தது போன்றதே இப்பழக்கம்.

நீள்துணி பெருகியபோது தைப்பவரின் வயது குறைந்துகொண்டே வந்தது. தேர்ந்தவரின் குறிப்பேடாக இருந்தது சிறுமியின் பாடத்திட்டமாக மாறத் தொடங்கியது. இதற்குச் சிறந்த சான்று 1660ஆம் ஆண்டில் பிறந்த மார்த்தா எட்லின் என்பவரின் வேலைப்பாடுகள். அவர் 8 வயதில், 1668ஆம் ஆண்டில், வண்ணப் பட்டு நூலால் ஒரு நீள்துணியை முடித்தார். மறு ஆண்டில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் வெட்டு வேலைப்பாடு கொண்ட இரண்டாவது துணியை முடித்தார். இதில் துணியின் இழைகளை வெட்டி நீக்கி, எஞ்சிய துளையை நூலால் வலைபோலப் பின்னுவர். சிறு பிழை நேர்ந்தாலும் துணி குலைந்துவிடும். 1671ஆம் ஆண்டில் 11 வயதில் பூத்தையல் போர்த்திய ஒரு பெட்டியைச் செய்தார். 1673ஆம் ஆண்டில் மணி வேலைப்பாடு கொண்ட நகைப்பேழை ஒன்றை முடித்தார்.

ஒரு சிறுமி எந்த வரிசையில் எவ்வளவு விரைவில் தையல் கற்றாள் என்பதைப் படிப்படியாகக் காட்டும் தொகுப்பு இது. இப்பொருள்கள் தாயிடமிருந்து மகளுக்கு என 300 ஆண்டுகளுக்கு மேல் கைமாறிய பின்னரே அருங்காட்சியகத்தை அடைந்தன. வசதி படைத்த குடும்பத்தில் பிறந்ததால் மார்த்தாவுக்குப் பட்டும் பெட்டியும் கிடைத்தன. அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஊசியைப் பிடித்த பெரும்பாலான சிறுமிகளின் நிலை வேறு.

பள்ளிக்குள் புகுந்த ஊசி

18ஆம் நூற்றாண்டில் மாதிரித்துணியின் உருவம் மாறியது. நீள்துணி சதுரமாகச் சுருங்கியது. சுற்றிலும் பூக்கரை இடப்பட்டது. நடுவில் எழுத்து வரிசை, எண்கள், ஒரு பக்திப்பாடல், கீழே தைத்தவரின் பெயர், வயது, ஆண்டு என்ற அமைப்பு நிலைபெற்றது. ஐசக் வாட்ஸ் 1715ஆம் ஆண்டில் குழந்தைகளுக்காக வெளியிட்ட பாடல்கள் பல துணிகளில் தைக்கப்பட்டன. ஏதேன் தோட்டத்து ஆதாம், ஏவாள் உருவங்களும் பரவலாக இடம்பெற்றன. சுருட்டிப் பெட்டியில் வைத்த துணி, இப்போது சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது.

தையல்களின் எண்ணிக்கை இக்காலத்தில் வெகுவாகக் குறைந்தது. 17ஆம் நூற்றாண்டு நீள்துணிகளில் பலவகைத் தையல்கள் இருந்த இடத்தில் குறுக்குத் தையல் ஒன்றே மேலோங்கியது. இது பொருளாதாரத் தேவையை ஒட்டிய மாற்றம். செல்வர் வீடுகளில் படுக்கை விரிப்புகளும் துவாலைகளும் பெரும் எண்ணிக்கையில் இருந்தன. அவை வெளுக்கப் போய்த் திரும்பும்போது கணக்குத் தவறாமல் இருக்கவும், முறை வைத்துப் பயன்படுத்தவும் ஒவ்வொன்றிலும் உரிமையாளரின் முதலெழுத்தும் எண்ணும் தைக்கப்பட்டன. இந்த வேலை தெரிந்த பெண்ணுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக இடம் கிடைக்கும். எனவே அறக்கட்டளைப் பள்ளிகளும் அனாதை இல்லங்களும் எழுத்து தைப்பதைக் கட்டாயமாகக் கற்பித்தன. பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அனாதை இல்லத்துச் சிறுமிகள் சிவப்பு நூலால் பலவகை எழுத்து வரிசைகளை மிக நுண்ணிய அளவில் தைத்த துணிகள் இன்று சேகரிப்பாளர்களிடையே பெயர்பெற்றவை. அச்சிறுமிகளுக்கு அவை வேலைக்கான தகுதிச் சான்றுகள்.

இக்காலத்தில் பல நாடுகளில் தோன்றிய வேறு வகைகள் வருமாறு:

செப்பனிடும் துணி: நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் மிகுதி. துணியில் வேண்டுமென்றே துளை வெட்டி, வண்ண நூலால் நெசவையே மீண்டும் உருவாக்கிக் காட்ட வேண்டும். சாதா நெசவு, சாய்கோட்டு நெசவு எனத் துணிக்கேற்ப ஊசி செல்லும் முறை மாறும். கிழிந்த துணியைத் தூக்கி எறிய இயலாத காலத்தின் பாடம் இது.

நிலப்படத் துணி: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் பரவியது. நாட்டின் எல்லைகளையும் மாவட்டப் பெயர்களையும் தைத்துப் புவியியல் கற்றனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவேக்கர் சமயத்தாரின் வெஸ்ட்டவுன் பள்ளியில் பட்டால் செய்த உருண்டையின்மேல் கண்டங்களைத் தைத்து பூமி உருண்டை உருவாக்கினர்.

வட்டப்பூத் துணி: 1779ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட யார்க்ஷையரின் ஆக்வொர்த் பள்ளியில் குவேக்கர் சிறுமிகள் அரைவட்டமும் முழுவட்டமுமான கணக்கு வடிவங்களைத் தைத்தனர்.

கணக்குத் துணி: பெருக்கல் வாய்பாடும் நாட்காட்டியும் தைக்கப்பட்டவை.

இத்துணிகள் சிறுமிகளுக்குக் கல்வியைக் கொண்டு சென்றன என்பதும், அக்கல்வி எந்த எல்லையைத் தாண்டக்கூடாது என வரையறுத்தன என்பதும் ஒருங்கே உண்மை. பல பள்ளிகளில் ஏழைச் சிறுமிகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தனர். மை தொட்டு எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் கையால் உருவாக்கிய எழுத்து, ஊசியால் ஆன எழுத்து மட்டுமே. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில், அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட சிறுமிகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷன் பள்ளிகளில் தைத்த மாதிரித்துணிகள் இங்கிலாந்தில் இருந்த கொடையாளர்களுக்கு அனுப்பப்பட்டன. அத்துணிகளில் சிலவற்றில் இருப்பவை கொடையாளர்கள் இட்ட ஆங்கிலப் பெயர்கள். அச்சிறுமிகளின் சொந்தப் பெயர்கள் அவற்றில் இல்லை.

எலிசபெத் பார்க்கர்

மாதிரித்துணிகளில் பலரையும் கலங்கச் செய்வது, 1830ஆம் ஆண்டு அளவில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பார்க்கர் என்ற இளம்பெண் தைத்த துணி. அதில் பூக்கரையோ பறவையோ எழுத்து வரிசையோ இல்லை. வெள்ளை லினனில் சிவப்பு நூலால், நுண்ணிய குறுக்குத் தையலில் ஏறத்தாழ 1,700 சொற்கள் வரிவரியாகத் தைக்கப்பட்டுள்ளன.

எலிசபெத் 1813ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 13 வயதளவில் வீட்டுவேலைக்குச் சென்றார். வேலை செய்த வீட்டில் நேர்ந்த கொடுமையையும், தற்கொலை எண்ணம் தம்மை வாட்டியதையும், அது பாவம் என்ற அச்சத்தையும் அத்துணியில் சொல்லியிருக்கிறார். தமக்கு எழுதத் தெரியாது என்றும், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம் திறந்து பேசுவது போல இதனைப் பதிவதாகவும் தொடக்கத்திலேயே கூறுகிறார். துணியின் கீழ்ப்பகுதி வெறுமையாக இருக்க, ஒரு வாக்கியத்தின் நடுவில் தையல் நின்றுவிடுகிறது.

பணிப்பெண்ணாக விரிப்புகளில் எழுத்து தைப்பதற்காகக் கற்ற தையலே அவருக்குத் தன் வாழ்வைச் சொல்லும் எழுத்தாகப் பயன்பட்டது. அவர் பின்னர் உயிர்வாழ்ந்து பள்ளியாசிரியராகப் பணியாற்றியதும், முதுமை வரை வாழ்ந்ததும் ஆய்வாளர்களின் தேடலால் தெரியவந்துள்ளன. இத்துணி இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தேய்வு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மாதிரித்துணியின் தேவை குறைந்தது. சலவையில் அழியாத மையும், பெயர் நெய்த பட்டைகளும் வந்ததால் எழுத்து தைக்கும் வேலை குறைந்தது. 1851ஆம் ஆண்டில் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கட்டத்தாளில் வண்ணம் தீட்டி அச்சிட்ட பெர்லின் கம்பளி வேலைப்பாட்டு வடிவங்கள் கடைகளில் எளிதாகக் கிடைத்தன. எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்பதைத் தாளே சொல்லிவிட்டபோது, நினைவில் வைக்க வேண்டியது குறைந்தது.

பழைய துணிகளைச் சேகரிக்கும் ஆர்வம் இந்தத் தேய்வுக்குப் பின்னரே தோன்றியது. 1900ஆம் ஆண்டில் மார்கஸ் ஹுயிஷ் மாதிரித்துணிகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 1921ஆம் ஆண்டில் ஈதெல் போல்டன், ஈவா கோ ஆகிய இருவரும் அமெரிக்க மாதிரித்துணிகளைப் பட்டியலிட்டு நூலாக்கினர். அமெரிக்காவில் கிடைத்தவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் லோரா ஸ்டாண்டிஷின் நீள்துணி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளைமவுத் நகரில் பாதுகாக்கப்படுகிறது. 1984ஆம் ஆண்டில் ரோசிகா பார்க்கர், பூத்தையல் பெண்களை அடக்கி வைக்கவும் அவர்கள் அதை மீறவும் ஒருங்கே பயன்பட்டதை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதன்பின் மாதிரித்துணி சமூக வரலாற்று ஆவணமாகவும் படிக்கப்பட்டு வருகிறது.

மீண்டும் குறிப்பேடு

மாதிரித்துணியை அதன் முதல் நோக்கத்துக்குத் திருப்பியவர்களுள் முக்கியமானவர் லூயிசா பெசல் (1870–1947). யார்க்ஷையரைச் சேர்ந்த இவர் ஏதென்ஸ் நகரில் தையல், லேஸ் பள்ளி ஒன்றின் பொறுப்பில் இருந்தவர். நாடு திரும்பிய பின், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய ஆங்கிலத் துணிகளின் தையல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றைக் காட்டும் மாதிரித்துணிகளைத் தைத்தார். பழைய துணியில் நூல் சென்ற வழியைக் கண்டறிந்து, மீண்டும் தைத்துப் பார்த்து உறுதிசெய்வது அவரது முறை. 1931ஆம் ஆண்டிலிருந்து வின்செஸ்டர் பேராலயத்துக்கான மெத்தைகளையும் திண்டுகளையும் தன்னார்வலர்களைக் கொண்டு தைத்தபோதும், முதலில் மாதிரித்துணி தைத்துப் பழகச் செய்தார்.

கிளாஸ்கோ கலைப்பள்ளியின் ஆன் மாக்பெத், மார்கரெட் ஸ்வான்சனுடன் இணைந்து 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட தையற்கல்வி நூல், சிறுமிகளின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்பப் பெரிய தையலில் தொடங்கி நுண்ணியதற்குச் செல்ல வேண்டும் என வலியுறுத்தியது. சிறு வயதிலேயே நுண்தையல் செய்வித்துக் கண்ணைக் கெடுத்த பழைய முறைக்கு இது மாற்றாக அமைந்தது. 1934ஆம் ஆண்டில் வெளிவந்த மேரி தாமஸின் தையல் அகராதி, தையல்களை அகர வரிசையில் படங்களுடன் தந்தது. லண்டனின் ராயல் தையற்பள்ளி 1872ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தனது 150ஆம் ஆண்டை ஒட்டி 2021ஆம் ஆண்டில் தையல் வங்கி ஒன்றை இணையத்தில் திறந்தது. ஒவ்வொரு தையலும் செய்யும் முறையும் அசைபடமும் அதில் உள்ளன.

இக்காலத்தில் போர்க்கைதி ஒருவரும் மாதிரித்துணி வரலாற்றில் இடம்பெற்றார். 1941ஆம் ஆண்டில் கிரீட் தீவில் பிடிபட்ட பிரிட்டிஷ் படை அதிகாரி அலெக்சிஸ் கஸ்டாக்லி, ஜெர்மன் முகாமில் பழைய கம்பளி மேலாடையிலிருந்து பிரித்த நூலால் ஒரு மாதிரித்துணியைத் தைத்தார். அதன் கரையில் புள்ளியும் கோடுமாக இருந்தவை மோர்ஸ் குறியீட்டில் ஹிட்லரை இகழும் சொற்கள். அதை அறியாத ஜெர்மானியர்கள் அத்துணியைச் சில முகாம்களில் காட்சிக்கும் வைத்தனர்.

தமிழ்நாட்டில்

தமிழகப் பகுதிகளுக்கு ஐரோப்பியத் தையற்கல்வி மிஷன் பள்ளிகள் வழியாக வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவருடைய மகள் எலைசா, மொழியறிஞர் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடியில் அக்கல்வியைத் தொடர்ந்தார். லேஸ் விற்ற வருவாய் அடித்தட்டுப் பெண்களின் கைக்குச் சிறிது பணத்தைக் கொண்டுவந்தது.

நீலகிரியின் தோடர்களிடம் இதிலிருந்து வேறுபட்ட ஒரு மரபு உள்ளது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமான நூலால், சட்டமோ முன்வரைந்த கோடோ இல்லாமல், இழைகளை எண்ணியே தோடப் பெண்கள் தைக்கின்றனர். போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளிச் சால்வையே அடுத்த தலைமுறைக்கு மாதிரியாகிறது. தனியாக மாதிரித்துணி வேண்டியிருக்கவில்லை. இப்பூத்தையலுக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்றைய தையல் வகுப்புகளில் மாதிரித்துணி வேறு உருவில் வாழ்கிறது. ஒவ்வொரு தையலையும் சிறு துணித்துண்டில் தைத்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, பெயர் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் பெறுவது மாணவியரின் வழக்கம். ஆரி வேலை கற்போர் சட்டத்தில் இழுத்துக் கட்டிய முதல் துணியில் சங்கிலித் தையலை வரிவரியாகப் போட்டுப் பழகுகின்றனர். தேர்வு முடிந்ததும் பழைய நோட்டு பரணுக்கோ பழைய பேப்பர் கடைக்கோ போய்விடுகிறது. ஆனால் ரவிக்கைக்குப் பூத்தையல் செய்து வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பெண்ணுக்கு அந்த நோட்டே வாடிக்கையாளரிடம் காட்டும் முதல் கையிருப்பு.

சொந்த மாதிரித்துணி அமைக்கும் முறை

வரலாற்றிலிருந்து பெறத்தக்க சில நடைமுறைகள் பின்வருமாறு.

துணி: இழைகளை எண்ணக்கூடிய சாதா நெசவுத் துணி ஏற்றது. நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே எண்ணிக்கையில் இழைகள் இருந்தால் குறுக்குத் தையல் சதுரமாக அமையும். முதலில் ஒருமுறை நனைத்துக் காயவைத்தால் பின்னர் சுருங்காது.

அமைப்பு: கட்டம் கட்டமாகப் பிரித்துத் தைத்தால் தேடுவது எளிது. நீள்துணியாக வைத்துக்கொண்டால் புதிய தையல் கற்கும்போதெல்லாம் கீழே சேர்த்துக்கொண்டே போகலாம்.

வரிசை: ஓட்டுத் தையல், பின் தையல், காம்புத் தையல் என எளிய கோட்டுத் தையல்களில் தொடங்கி, சங்கிலி வகை, காஜா வகை, நிரப்பும் வகை, முடிச்சு வகை எனக் குடும்பம் குடும்பமாகத் தைப்பது நல்லது. ஒரு தையல் எதிலிருந்து பிறந்தது என்பது அப்போது விளங்கும்.

முற்றுப்பெறாத நுனி: ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ஒரு தையலைப் பாதியில் நிறுத்திக் காட்டினால், ஊசி அடுத்து எங்கே செல்லும் என்பது பின்னாளில் தெரியும்.

பின்பக்கம்: பின்புறத்தை அட்டையில் ஒட்டி மறைக்கக்கூடாது. நூல் சென்ற வழி அங்கேதான் உள்ளது. பழைய துணிகளின் தையல்களைக் கண்டறிய ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பதும் பின்பக்கத்தையே.

பெயரும் ஆண்டும்: தையலின் பெயர், நூலின் எண், இழை எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்தபின், ஓரத்தில் தைத்தவரின் பெயரும் ஆண்டும் இட வேண்டும்.

கடைசியாகச் சொன்னது பலரும் விட்டுவிடுவது. பெயர் இல்லாத மாதிரித்துணிகள் அருங்காட்சியகங்களில் பல உள்ளன. அவற்றின் தையலைப் படிக்கலாம்; தைத்தவரைத் தேட வழியில்லை. ஜேன் பாஸ்டாக்கும் மார்த்தா எட்லினும் இன்று அறியப்படுவது அவர்கள் சில மணி நேரம் கூடுதலாகச் செலவிட்டுத் தம் பெயரையோ முதலெழுத்தையோ ஆண்டையோ துணியில் விட்டுச்சென்றதால்தான்.